கோடையிற் களரி காயலாமா?

(யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கோடைகாலத்தில் யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிகழும் கலைவிழாக்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் நல்லூர்த் திருவிழாவின் சிறப்பையும் நாகசுரத்தின் இனிமையையும் எடுத்துரைத்துவிட்டு அமர்ந்துவிடுவேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். புகழ்ந்து பேசுவது எளிது, கேட்பதற்கும் இனிது. ஆயினும், மாலை இறைப்பை முடித்துக்கொண்டு வந்த கமக்காரரும், வைத்தியசாலையிலும் நீதிமன்றிலும் பாடசாலையிலும் கடமை முடித்து வந்த உத்தியோகத்தரும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்திருப்பதை இங்கே காண்கிறேன். இவ்விரு சாராரும் ஒருங்கே கூடிய அவையில் மறையாது சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நமது கோடைவிழாக்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவ்விழாக்களை முதுகில் சுமந்து வந்த ஊர்க்கலைஞனோ அருகி வருகின்றான். இதுவே நான் சொல்ல வந்த செய்தி. இதற்கு யார் பொறுப்பு, இனி என்ன செய்யலாம் என்பவற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

உழவன் வகுத்த நாள்காட்டி

இந்தக் கலைகள் ஏன் கோடையில் வந்தன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மாரியே நமக்கு வாழ்வு. ஆவணி புரட்டாசியில் விதைத்த நெல்லைத் தையிலும் மாசியிலும் அறுத்துச் சூடடித்துக் களஞ்சியத்தில் சேர்ப்போம். பங்குனி சித்திரையில் புகையிலைத் தோட்டமும் வெட்டி முடிந்துவிடும். அதன் பின்னர் வயல் வெறுமையாய்க் கிடக்கும். தரை காய்ந்து இறுகியிருக்கும். இரவில் மழைப் பயமில்லை. வீட்டிலே நெல்லும் கையிலே சிறிது பணமும் இருக்கும். களரி அமைப்பதற்கு இதைவிட ஏற்ற காலம் எது?

ஆகவே, கோடைக்காலக் கலைகள் ஏதோ ஒரு விழாக்குழு கூடித் தீர்மானித்த திகதியில் பிறந்தவை அல்ல. அவை மண்ணின் ஈரமும் காய்வும் வகுத்த நாள்காட்டியிலே பிறந்தவை. கமக்காரனுடைய ஓய்வுதான் கலையின் உழைப்புக் காலமாயிற்று.

அந்த நாள்காட்டியின் ஒழுங்கை ஒரு தடவை பார்ப்போம். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குத் திருவிழா. குறிகட்டுவான் துறையிலே மக்கள் வெள்ளம். அதே காலத்தில், யூன் 13 ஆம் நாள், பாசையூரிலே அந்தோனியார் திருநாள். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும். அந்நாளைக் குழந்தைகளின் நாவிலே நிலைக்கச் செய்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். மாவிட்டபுரத்துக் கந்தனுடைய விழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். அதற்கு ஆறாம் நாள் நல்லூரிலே கொடி ஏறும். இருபத்தைந்து நாள் விழா. இருபத்துநான்காம் நாள் தேர். மறுநாள் ஆவணி அமாவாசைத் தீர்த்தம். இதற்கிடையே ஓகஸ்ட் 15 இல் மடுமாதா திருநாளுக்கு மன்னார்க் காட்டு வழியே யாத்திரை. நல்லூர் முடியும் வேளையில் செல்வச்சந்நிதியின் விழா தொடங்கி ஆவணிப் பூரணையில் முடியும். பின்னர் புரட்டாசியில் வல்லிபுரத்து ஆழ்வார் கடலாடச் செல்வார். அவர் கடலாடித் திரும்ப, வானிலே மாரிமுகில் திரளும். நாம் மீண்டும் வயலுக்குப் போவோம்.

ஒரு விழா மற்றொரு விழாவின் மேல் ஏறாமல், ஒன்று முடிய ஒன்று தொடங்குமாறு நம் முன்னோர் அமைத்திருக்கும் இந்த ஒழுங்கைப் பாருங்கள். கச்சான் விற்கும் ஏழைத் தாயும் ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதிக்குத் தன் கடகத்தைத் தூக்கிக்கொண்டு செல்ல வசதியாகவே அது அமைந்திருக்கின்றது!

ஊர் எல்லாம் கூடிச் செய்த கலை

என் சிறுவயதில் எங்கள் ஊர் அம்மன் கோவில் வெளியிலே காத்தவராயன் கூத்து ஆடினார்கள். வைகாசி மாதத்து இரவு. நாங்கள் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையிலே இடம்பிடித்தோம். காத்தவராயனைக் கழுவேற்றும் கட்டம் விடியற் சாமத்திலேதான் வரும். அதுவரை விழித்திருக்க வேண்டும் என்று சபதம் செய்த சிறுவரெல்லோரும் உறங்கிப் போனோம். மத்தளம் உயர்ந்து ஒலித்தபோது யாரோ ஒரு கிழவி எங்களைத் தட்டி எழுப்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த அந்தக் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அன்று காத்தவராயனாக வந்தவர், பகலிலே எங்கள் வீட்டுக் கிணற்றில் இறைப்புக்கு வரும் கமக்காரர். மாலையாக வந்தவரும் ஓர் ஆண்தான். சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். அண்ணாவியார் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கூடியவர். ஆயினும் விடிய விடிய ஆடும் கூத்தின் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். மூன்று நான்கு மாதங்கள் இரவு இரவாகப் பழக்கினார். அதற்கு அவர் பெற்றது சில மூடை நெல்லும், ஒரு வேட்டி சால்வையும், ஊராரின் மதிப்புமே. உடுப்புக்குச் சேலை கொடுத்தவள் ஒருத்தி. பந்தலுக்குக் கிடுகு கொடுத்தவன் ஒருவன். எண்ணெய் வார்த்தவன் வேறொருவன். ஆடியவர் இருபதுபேர், ஆட்டுவித்தது முழு ஊர்.

மட்டக்களப்பிலே இதை இன்னும் ஒழுங்காகக் காணலாம். ஆட்டக்காரருக்குப் பாட்டேட்டைப் பகிர்ந்தளிப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பர். பின்னர் சதங்கை அணியும் நாள். அதன் பின்னர் அடுக்குப் பார்த்தல். இறுதியிலே அரங்கேற்றம். ஒவ்வொரு படிக்கும் ஊர் கூடும். ஒவ்வொரு படியிலும் பிழை திருத்தப்படும். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உள்ள ஒழுங்கிற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

கரையோரத்திலே கத்தோலிக்க மக்கள் எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, சங்கிலியன் முதலிய கூத்துகளை வளர்த்தார்கள். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டம் ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியது. கதை எல்லோருக்கும் தெரியும். ஆயினும் சுடலையிலே அரிச்சந்திரன் பாடும்போது அழாதவர் இல்லை.

கோவில் வீதியின் மேளத்தைப் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள்கூட நிறையாத வாழ்வு. அதற்குள் தமிழகத்துப் பெருவித்துவான்களும் தலைவணங்கும்படி தோலிலும் மரத்திலும் கணக்கைப் பேசவைத்தார். அவரை உருவாக்கியது எந்த மண்டபமும் அன்று. இரவுத் திருவிழாவிலே, நான்கு ஐந்து கூட்டம் மேளங்கள் ஒன்றையொன்று வெல்ல முயன்று வாசித்த வீதியே அவருடைய கலாசாலை. சுற்றி நின்ற கமக்காரரே பரீட்சகர். ஒரு தாளம் தவறினால் கூட்டத்திலே ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்கு அஞ்சியே வித்துவான்கள் சாதகம் செய்தார்கள்.

ஏடு எரிந்தது, நினைவும் எரியலாமா?

பெரியோர்களே, இந்தத் தொடர்ச்சியைப் போர் அறுத்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1995 ஒக்தோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நடந்தது. ஊர் இடம்பெயர்ந்தால் கூத்தும் இடம்பெயரும். ஒரே ஊரார் ஒரே முகாமில் இருக்கவில்லை. ஒரே கூத்தின் அரசன் ஒரு நாட்டிலும் மந்திரி மற்றொரு நாட்டிலுமாகச் சிதறினார்கள்.

அதற்கும் முன்னரே, 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாளிரவு தொடங்கிய கொடுமையிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அதுவும் ஒரு கோடைகாலமே. அந்தச் சாம்பலைக் கையால் அள்ளிப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

நூலகத்தை எரித்தவர்களை நாம் மறக்கவில்லை; மறக்கவும் மாட்டோம். ஆயினும், நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒவ்வோர் ஊரிலும் எழுபது எண்பது வயதுடைய அண்ணாவியார் ஒருவர், ஒரு முழுக்கூத்தைத் தம் நினைவிலே வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். அவரும் ஒரு நூலகம் அல்லவா? அவரிடம் பாடம் கேட்க ஒருவரும் போகாமல், ஒரு நாள் அவர் உடலைச் சுடலைக்குக் கொண்டு செல்கின்றோம். அந்த நூலகத்தை எரித்தது யார்? அதற்கு எந்த அரசாங்கத்தின்மீது பழி சொல்லப் போகின்றோம்?

கண்ணாற் கண்டது

அண்மையில் ஒரு கோடையிலே நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஊரையும் குழுவையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை; சொன்னால் குற்றம் அவர்களோடு நின்றுவிடும். அது நம் எல்லோர் குற்றமும் ஆகும்.

பெரிய மேடை. கண்ணைப் பறிக்கும் மின்விளக்கு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாடசாலை விடுமுறையாதலால் வெளிநாட்டிலிருந்து உறவினர் பலர் வந்திருந்தனர். கடல் கடந்து வந்த பாடகர் ஒருவருக்கு இரண்டரை மணி நேரம். அதில் தவறில்லை, கலைஞன் எங்கிருந்து வந்தாலும் மதிக்கத்தக்கவனே. அவருக்கு முன்னர் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. இவற்றுக்கிடையே, அறிவிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "இப்போது நமது பாரம்பரியக் கூத்து, இருபது நிமிடம்" என்றார்.

பன்னிரண்டு பேர் வந்து ஆடினார்கள். ஒலிவாங்கி பாடகருக்காக அமைக்கப்பட்டது. மத்தளம் இடியாய் ஒலித்தது, பாட்டுக் கேட்கவில்லை. பதினைந்தாம் நிமிடத்திலே ஒருவர் மேடையோரம் நின்று கையை அசைத்தார். அரசன் கொலு முடியுமுன்னே கூத்து முடிந்தது. பின்னர் நான் மேடைக்குப் பின்னால் சென்றேன். அண்ணாவியார் முடிக்குரிய அட்டையைச் சேலைத் துண்டினால் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன தந்தார்கள் என்று கேட்டேன். வாகனக் கூலிக்குப் போதும் என்றார். மத்தளம் பழக யாரேனும் வருகின்றார்களா என்று கேட்டேன். தம் பேரன் இரண்டு மாதம் பழகினான் என்றும், பின்னர் மாலை வகுப்புகள் கூடிவிட்டமையால் நிறுத்திவிட்டான் என்றும் சொன்னார். அவர் முகத்திலே கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அழைப்பில்லாமல் வந்த எட்டுக் குழுக்கள்

நமக்கு மட்டுமா இந்தப் பிரச்சினை? வேறொரு நகரத்தின் கதையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. நல்லூரிலே கொடி ஏறும் அதே ஓகஸ்ட் மாதத்தில், ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே உலகப் புகழ்பெற்ற கோடைக் கலைவிழா நடைபெறுகின்றது.

அது 1947 இல் தொடங்கியது. இரண்டாவது உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். உணவுக்கும் பங்கீடு, நிலக்கரிக்கும் பங்கீடு. இரவிலே கோட்டைக்கு விளக்கேற்ற எரிபொருள் கிடையாது என்று அரசாங்கம் மறுத்தபோது, நகரமக்கள் தம் வீட்டு அடுப்புக்குரிய நிலக்கரிப் பங்கையே தர முன்வந்தார்கள். அவ்விழாவிலே புரூனோ வால்ற்றர் என்னும் யூத இசைமேதை, நாசிகளின் கொடுமையால் 1938 இல் தாம் பிரிய நேர்ந்த வியன்னா இசைக்குழுவை மீண்டும் நெறிப்படுத்தினார். போரினால் உடைந்த மனிதரை ஓரரங்கிலே சேர்த்துவைக்கும் ஆற்றல் கலைக்கு உண்டு என்பதை உலகம் கண்டது.

ஆனால் அந்தச் சிறப்புக்குள்ளும் ஒரு குறை இருந்தது. உலகத்து மேதைகளை அழைத்த விழா, உள்ளூர் நாடகக்காரரிற் பலரை அழைக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே வந்தன. தம் செலவிலே சிறு மண்டபங்களைப் பிடித்து நாடகம் ஆடின. விளிம்பிலே நின்றவர்கள் என்பதால் அதற்கு விளிம்பு விழா என்றே பெயர் நிலைத்தது. இன்று அந்த விளிம்பு, நடுவிலுள்ள விழாவைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிட்டது.

இதனுள் நமக்கு ஒரு நம்பிக்கையும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெருமேடை இடம் தராவிட்டாலும் கலைஞன் தன் களரியைத் தானே அமைக்கலாம் என்பது நம்பிக்கை. இன்று அந்நகரிலே ஓகஸ்ட் மாதத்து வீட்டு வாடகை ஏறிவிட்டமையால், ஏழைக் கலைஞர் தங்குவதற்கே அல்லற்படுகின்றனர் என்பது எச்சரிக்கை. கலையைப் பார்க்க வந்த கூட்டமே கலைஞனை வெளியே தள்ளிவிடவும் கூடும்.

பழமையை அப்படியே காப்பதா?

"விடிய விடிய யார் கூத்துப் பார்ப்பார்கள்? காலம் மாறிவிட்டதே!" என்று படித்தவர் சிலர் கேட்பார்கள். நேர்மையான கேள்வி. இதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் செயலாலே விடை தந்திருக்கின்றார். அவர் ஊரூராகச் சென்றார், அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடு நடத்தினார், போட்டிகள் வைத்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962 இல் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றினார். பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன வந்தன. இரவு முழுவதும் ஆடியதைச் சுருக்கினார். ஆனால் ஆட்டத்தை மாற்றவில்லை, தாளத்தைக் கெடுக்கவில்லை, அண்ணாவியாரை விலக்கவில்லை. சுருக்குவது வேறு, நறுக்குவது வேறு. அவர் செய்தது சுருக்கம். நான் மேடையிலே கண்டது நறுக்கல்.

கத்தோலிக்கக் குருவாகிய நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், நாட்டுக்கூத்தையும் இசை நாடகத்தையும் போர்க்காலத்திலும் கைவிடாமற் காத்தது. 1960 இல் மருதனார்மடத்திலே தோன்றிய இராமநாதன் இசைக்கழகம் பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றும் மாணவரை உருவாக்குகின்றது. 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்து வருகின்றது. ஆகவே, புதுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதியது வரட்டும், ஆனால் அது வந்து அமர்வதற்கு, பழையது இருந்த பாயைச் சுருட்டவேண்டியதில்லை.

வீதிக்கு வெளியே நின்றவர்கள்

இன்னொன்றையும் மனம் நோகாமற் கேளுங்கள். பழைய கோடையைப் பற்றிப் பேசும்போது நாம் அதன் அழகை மட்டும் பேசுகின்றோம். அந்த வீதியிலே எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. பறையடித்தவனுக்கு வீதியின் எல்லையோடு மரியாதை முடிந்தது. சிலருக்கு வாயிலே மூடப்பட்டிருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலிலே தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்பட்டவர்கள் நுழைவுரிமைக்காகப் போராட நேர்ந்தது. அதுவும் ஒரு கோடைத் திருவிழாவின் கதைதான்.

ஒருவனுடைய கலையை எடுத்துக்கொண்டு அவனை வெளியே நிறுத்துவது கொடுமை. காத்தவராயன் கதையே அதைத்தானே சொல்கிறது? இரவெல்லாம் அவனுக்காக அழுதுவிட்டு, விடிந்ததும் அவனை ஒத்தவனுக்குத் தனிப்பேணியிலே தேநீர் கொடுத்தவர்கள் நாங்கள். நல்லூரிலே அருச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபா. செல்வன் கொடுத்தாலும் வறியவன் கொடுத்தாலும் அதே ஒரு ரூபா. குறித்த நேரம் வந்தால் யாருக்காகவும் காத்திராமல் சுவாமி எழுந்தருளுவார். அந்தச் சமத்துவமும் அந்த ஒழுங்கும் நம் கலைமேடைகளுக்கும் வரவேண்டும்.

கட்டடமும் கலையும்

யாழ் நகரிலே, பொதுநூலகத்தின் அருகே, இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட கலாசார மையம் உயர்ந்து நிற்கின்றது. 2023 பெப்ரவரியிலே அது மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. பதினொரு மாடிக் கட்டடமும், அறுநூறு பேர் அமரக்கூடிய மண்டபமும் உண்டு. 2025 இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே என்று கேட்டோம். கேட்டது சரியே. ஆனால் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த மண்டபத்துக்குள்ளே யார் ஆடுவார், யார் பாடுவார் என்பதைப் பற்றிப் பேசினோமா? கிணறு வெட்டிவிட்டோம், தோட்டம் எங்கே?

செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமன்று. ஐந்து காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: விழாவுக்கு வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னதாக ஊர்க்கலைஞனின் சன்மானத்தை எழுதுங்கள். மிஞ்சினால் கொடுப்போம் என்று கடைசியில் எழுதிய தொகை ஒருநாளும் மிஞ்சியதில்லை.

இரண்டாவது: ஒவ்வோர் ஊரும் ஆண்டுக்கு ஒரு கூத்தைத் தன் சொந்தக் கூத்தாகக் கொள்ளட்டும். மாசியிலே பழக்கம் தொடங்கினால், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் வைகாசியிலோ ஆனியிலோ அரங்கேற்றலாம். சுருக்கி ஆடுங்கள், ஆனால் ஒரு தடவையாவது முழுக்கூத்தையும் ஆடுங்கள். முழுமையை ஒருநாளும் காணாதவனால் சரியாகச் சுருக்கவும் இயலாது.

மூன்றாவது: படித்தவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் போங்கள். அவர் பாட்டை எழுதுங்கள். குரலையும் ஆட்டத்தையும் படம்பிடியுங்கள். ஒரு படியை அவரிடமும், ஒரு படியைப் பொதுநூலகத்திலும், ஒரு படியை இந்த நிலையத்திலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்ததன் விலையை நாம் 1981 இலே கொடுத்துவிட்டோம். சட்டத்தரணிகளே, அந்தப் பாட்டின் உரிமை அண்ணாவியாருக்கே என்பதை எழுத்திலே உறுதிப்படுத்துங்கள். வைத்தியர்களே, தவிலும் மத்தளமும் அடித்துக் கை ஓய்ந்த முதியவரைக் கட்டணமின்றிப் பாருங்கள்.

நான்காவது: கமக்காரர்களே, களரியை உங்களைத் தவிர வேறு யாராலும் அமைக்க முடியாது. அறுவடை முடிந்த வயலிலே ஒரு பரப்பு நிலத்தை இரண்டு மாதத்துக்கு விட்டுக் கொடுங்கள். பழக்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இரவிலே ஒருவேளை உணவு கொடுங்கள். உங்கள் மகன் மத்தளம் பழகப் போகின்றேன் என்றால், படிப்புக் கெடும் என்று தடுக்காதீர்கள்.

ஐந்தாவது: கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வருகின்றார்கள். அவர்களைக் கதிரையில் இருத்திப் படம்பிடிக்க மட்டும் விடாதீர்கள். இருக்கும் நான்கு கிழமையில் ஓர் ஆட்டம், ஒரு தாளம், ஒரு பாட்டுக் கற்றுப் போகட்டும். பார்த்துப் போனவன் அடுத்த ஆண்டு வரலாம், வராமலும் விடலாம். காலில் சதங்கை கட்டிப் போனவன் நிச்சயம் வருவான்.

முடிவாக

அன்பர்களே, இனம் என்பது நிலத்தினாலும் சட்டத்தினாலும் மட்டும் நிற்பதன்று. ஒரே பாட்டைக் கேட்டு ஒரே இடத்தில் கண்கலங்கும் மக்கள்தான் ஓர் இனம். அந்தப் பாட்டு நம் காதிலிருந்து மறைந்தால், நாம் வெல்லும் உரிமைகளை அனுபவிக்க யார் எஞ்சியிருப்பார்?

நான் கண்ட அந்த அண்ணாவியாரிடம் விடைபெறும்போது, அடுத்த கோடையிலும் ஆடுவீர்களா என்று கேட்டேன். கேட்டால் ஆடுவோம் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். கேட்பது நம் கடமை.

கோடையிலே நிலம் காய்வது இயற்கை. அடுத்த மாரி அதை நனைக்கும். களரி காய்ந்தால் அதை நனைக்க எந்த மாரியும் வராது. நாமே இறைக்கவேண்டும். துலா மிதித்து இறைத்து இந்த வரண்ட குடாநாட்டைப் பசுமையாக்கிய மக்களுக்கு அது இயலாத காரியமா?

இந்த நிலையத்தின் அடுத்த ஆண்டு விழாவிலே என்னைப்போல் ஒருவனைப் பேச அழைக்காதீர்கள். ஒரு கூத்தை ஆடுங்கள். நான் பாயோடு வந்து முன்வரிசையிலே அமர்கிறேன்.